எங்கே சிக்கினாலும் கழலாத ஈ முகமூடி: புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர் பிரிவு

பொருள்: குதிரைக்கு வாங்கிய ஈ முகமூடியால் கண்ணில் புண்; பணத்தைத் திருப்பித் தரவும் சிகிச்சைச் செலவை ஏற்கவும் கோரிக்கை

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கடந்த அக்டோபர் 18 அன்று உங்கள் இணையக் கடையில் 1,850 ரூபாய்க்கு, காது உறை வைத்த ஈ முகமூடி (ஈ மொய்க்காமல் குதிரை முகத்தில் மாட்டும் வலை) ஒன்று வாங்கினேன். என் மார்வாரி இனப் பெட்டைக் குதிரைக்கு. பெயர் பவளம். ஆறு வருஷத்துக்கு முன் அந்தியூர் ஆடிச் சந்தையில் பிடித்து வந்தது. பகலெல்லாம் காங்கேயம் பக்கம் எங்கள் கொறங்காட்டில், அதாவது உயிர்வேலி போட்ட மேய்ச்சல் காட்டில், மேயும். மழை விழுந்தால் போதும், கண்ணோரப் பீளையில் ஈ மொய்த்துவிடும். அரிப்புத் தாங்காமல் மரத்தில் முகத்தைத் தேய்த்தே புண்ணாக்கிக்கொள்ளும். ஆகவே முகமூடியே வேண்டாம் என்கிற ஆள் நான் இல்லை.

இதற்கு முன் வைத்திருந்தது வெறும் வெல்க்ரோ ஒட்டு. வாரம் ஒரு தடவையாவது வெள்வேல மரத்திலோ கிலுவை வேலியிலோ அது தொங்கிக்கொண்டிருக்கும். குதிரை வெறும் முகத்தோடு வந்து நிற்கும். தேடி எடுத்து மாட்டி மாட்டிச் சலித்துப்போய்த்தான் 'எங்கே சிக்கினாலும் கழலாது' என்ற உங்கள் விளம்பரத்தில் விழுந்தேன். பழையது கழன்று விழுந்ததுதான் அதன் நல்ல குணம் என்று அப்போது தோன்றவில்லை.

உங்களுடையதில் வெல்க்ரோவோடு, தாடைக்கடியில் நைலான் பட்டையும் பிளாஸ்டிக் பக்கிளும் இருக்கின்றன. கூட வந்த அட்டையில் மூன்றே வரி. அதில் ஒன்று: '24 மணி நேரமும் கழற்றாமல் அணிவிக்கலாம்.'

நவம்பர் 3, ஞாயிறு சாயங்காலம். தண்ணீர்த் தொட்டிக்குப் பவளம் வரவில்லை. போய்ப் பார்த்தால் கிலுவை வேலியோரம் தலையைத் தாழ்த்தியபடி நிற்கிறது. ஒடிந்த கிலுவைக் குச்சி ஒன்று வலைக்குள் ஏறியிருந்தது. இழுத்திருக்கிறது, வெல்க்ரோ பிரிந்திருக்கிறது, பக்கிள் விடவில்லை. முகமூடி பாதி திரும்பி, கண்ணுக்கு முன்னால் குமிழாக விலகி நிற்கவேண்டிய வலை இடது கண்மேலேயே அழுந்திக் கிடந்தது. அரிவாளால் பட்டையை அறுத்துத்தான் எடுக்க முடிந்தது. உள்பக்கத் துணியில் கொழுக்கட்டைப்புல்லின் கதிர்ச் சுணை அப்பிக் கிடந்தது. அந்தச் சுணையோடுதான் வலை கண்ணை உரசியிருக்கிறது.

மறுநாள் கால்நடை மருத்துவர் சாயச் சொட்டு விட்டுப் பார்த்தார். விழியின் நடுவில் ஒரு கீற்று பச்சையாக ஒளிர்ந்தது, கருவிழிப் புண். மாட்டுக்கு வாங்கிய ஸ்டீராய்டு சொட்டு மருந்து வீட்டில் இருந்தது. அதை விட்டிருந்தால் புண் ஆழமாகிக் கண்ணே போயிருக்கும் என்றார். நல்ல வேளை, கைவைக்கவில்லை. மூன்று வாரம், நாலு மணிக்கொரு தரம் சொட்டு மருந்து. செலவு 9,400 ரூபாய். கடுகளவு வெள்ளைத் தழும்பு இன்னும் தெரிகிறது.

உங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்தபோது "சைஸ் தப்பா வாங்கியிருப்பீங்க சார்" என்றார்கள். உங்கள் அளவு அட்டவணைப்படி நாடா வைத்து அளந்துதான் வாங்கினேன். அப்புறம், காது விஷயம். மார்வாரிக் குதிரைக்குக் காது உள்நோக்கி வளைந்து நுனியோடு நுனி தொடும். உங்கள் உறையோ இரண்டு காதும் விலகி நேராக நிற்கிற சீமைக் குதிரைக்குத் தைத்தது. பவளத்தின் காது நுனி இரண்டும் தோல் வழன்றுவிட்டன. 'இந்தியக் குதிரைகளுக்கென்றே' என்று விளம்பரத்தில் போடுமுன் ஒரு மார்வாரியையாவது கண்ணால் பார்த்தீர்களா?

என் பங்கையும் மறைக்கவில்லை. அந்தச் சனி, ஞாயிறு தாராபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு ஞாயிறு சாயங்காலம்தான் திரும்பினேன். காட்டில் இருந்த ஆள் முகமூடியைக் கழற்றவில்லை. 24 மணி நேரமும் போடலாம் என்று நான்தானே அவரிடம் சொல்லிவிட்டுப் போனேன், உங்கள் அட்டையைப் படித்துவிட்டு.

அந்த அட்டை என்ன சொல்லியிருக்க வேண்டும்? தினம் ஒரு தடவையாவது கழற்றிக் கண்ணையும் தோலையும் பார்க்க வேண்டும். பொழுது சாய்ந்தால் எடுத்துவிட வேண்டும், மங்கல் வெளிச்சத்தில் வலை பார்வையை இன்னும் குறைக்கும். சுணை, தூசி தட்டித் துவைத்துக் காய்ந்த பிறகே மாட்ட வேண்டும். வலை இமைமயிரில் படக்கூடாது. பட்டைக்கும் தோலுக்கும் நடுவே இரண்டு விரல் போக வேண்டும். முள்வேலி, மரம் உள்ள காட்டில், இழுத்தால் விட்டுக்கொடுக்காத எதையும் குதிரை முகத்தில் மாட்டி அவிழ்த்துவிடக் கூடாது. இந்தக் கடைசி விதியைச் சொன்னால் உங்கள் பக்கிளே விற்காது, அது வேறு விஷயம்.

முகமூடியின் விலையையும் மருத்துவச் செலவையும் சேர்த்து 11,250 ரூபாயை 15 நாளில் தர வேண்டும். அந்தப் பக்கிள் வைத்த சரக்கின் விற்பனையை நிறுத்த வேண்டும். தமிழிலும் முறையான எச்சரிக்கை அச்சிட வேண்டும். சரியான பயன்பாட்டுக் குறிப்போ எச்சரிக்கையோ தராத தயாரிப்பாளரும் பொறுப்பாளி என்று 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்துவிட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன்.

ரசீது, மருத்துவச் சீட்டு, படங்கள் இணைப்பில் உள்ளன. முகமூடியைத் திருப்பி அனுப்பச் சொன்னீர்கள். அனுப்பவில்லை, ஆணையம் கேட்டால் காட்ட வேண்டும். பட்டைதான் அறுந்திருக்கிறது. பக்கிள் இன்னும் பூட்டியபடியே இருக்கிறது.

இப்படிக்கு,
பவளத்தின் உரிமையாளர்
காங்கேயம் வட்டம்