எங்கள் வீட்டு மீட்டர் சொல்வதை எங்களுக்கும் சொல்லுங்கள்

மின்சாரம் வழங்கும் நிறுவனங்களுக்கும், கட்டணத்தை முடிவு செய்யும் ஆணையங்களுக்கும்,

வணக்கம்.

வெளிக்காற்றில் இருக்கும் வெப்பத்தை மின்சாரத்தால் இழுத்து வீட்டுக்குள் தரும் ஹீட் பம்ப் வைத்து வீட்டைச் சூடாக்கிக்கொள்கிற ஒருவன் எழுதுகிறேன். எங்கள் சுவரில் நீங்கள் மாட்டிவிட்டுப் போன ஸ்மார்ட் மீட்டர் அரை மணிக்கு ஒருமுறை எங்கள் மின் செலவைக் குறித்து உங்களுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறது. எனக்கு வருவது மாதத்துக்கு ஒரே ஒரு எண். அதை வைத்துக்கொண்டு ஹீட் பம்பைச் சிக்கனமாக ஓட்ட முடியாது. ஏன் முடியாது, என்ன கொடுத்தால் முடியும் என்று சொல்லத்தான் இந்த மடல்.

முதல் குளிர்காலத்தில் பில் எதிர்பார்த்ததைவிட நிறைய வந்தது. இந்த வருஷம் குளிர் அதிகம், அதனால்தான் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன், இயந்திரத்தைப் பொருத்தியவர்களும் அதையேதான் சொன்னார்கள். அப்புறம் கேட்டு, மறுபடியும் கேட்டு, ஆறு வாரம் கழித்து அரை மணிக் கணக்கு ஒரு கோப்பாக வந்து சேர்ந்தது. அன்று இரவே உட்கார்ந்து வரிசை வரிசையாகப் பார்த்தேன். எல்லோரும் தூங்குகிற 2 மணிக்கு ஓர் அரை மணியில் 1.5 யூனிட் கூடுதல், அடுத்த அரை மணியில் 0.8. மறுநாளும் அதே. அதற்கு மறுநாளும் அதே. வெளியே உறைபனியா, இதமான இரவா என்பதெல்லாம் அந்த எண்ணை அசைக்கவே இல்லை. ஹீட் பம்பின் கம்ப்ரஸர் அப்படி ஓடாது, குளிருக்குத் தக்கபடி அது இழுக்கும் மின்சாரம் கூடும், குறையும். அரை மணிக்கு 1.5 யூனிட் என்றால் 3 கிலோவாட். அது வெந்நீர்த் தொட்டிக்குள் இருக்கும் ஹீட்டர் காயில்.

லெஜியோனெல்லா கிருமி வளராமல் இருக்கத் தொட்டி நீரை அவ்வப்போது 60 டிகிரிக்கு ஏற்றுவார்கள். அது தேவையானதுதான், அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் என் இயந்திரத்தின் கையேட்டில் வாரம் ஒருமுறை என்று இருந்ததை யாரோ தினமும் என்று வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். 200 லிட்டர் நீரை 50 டிகிரியிலிருந்து 60-க்குக் கொண்டுபோக 2.3 யூனிட் ஆகும். ஹீட் பம்ப் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று, நான்கு யூனிட் வெப்பம் தரும், காயில் ஒன்றுக்கு ஒன்றுதான் தரும். மாதத்துக்கு 70 யூனிட் இப்படிப் போய்க்கொண்டிருந்தது, மெனுவில் ஒரு வரியை மாற்றியதும் 10 ஆகிவிட்டது. முழுக் குளிர்காலமும் அந்தக் கணக்கு உங்கள் கணினியில்தான் இருந்திருக்கிறது. நான் மட்டும் பார்க்கவில்லை.

இது ஒரு பிழையைக் கண்டுபிடித்த கதை. பிழையே இல்லாத வீட்டிலும் விஷயம் இருக்கிறது. இரவில் மலிவு என்று ஒரு கட்டணத்தை நீங்கள் அறிவிக்கிறீர்கள், மக்களும் நம்பி எல்லாவற்றையும் இரவுக்குத் தள்ளுகிறார்கள். துணி துவைக்கும் இயந்திரத்துக்கு அது சரி. வெளிக்காற்றிலிருந்து வெப்பம் எடுக்கும் ஹீட் பம்புக்கு அப்படியே பொருந்தாது, ஏனென்றால் இரவில்தான் காற்று மிகவும் குளிர்ந்து கிடக்கும், அதே வெப்பத்தைத் தர இயந்திரம் கூடுதலாக உழைக்க வேண்டும். பகலில் ஒரு யூனிட்டுக்கு 3.5 யூனிட் வெப்பம் தருகிற இயந்திரம் பின்னிரவில் 2.8 தருகிறது என்று வையுங்கள். இரவுக் கட்டணம் 10 சதவீதம் மட்டும் குறைவு என்றால், கணக்குப் போட்டுப் பாருங்கள், இரவு வெப்பம்தான் விலை அதிகம், அதுவும் 12 சதவீதத்துக்கு மேல். கட்டணம் பாதியாகக் குறைந்தால் இரவு ஜெயிக்கும். ஆக விலையும் தெரிய வேண்டும், அந்த நேரத்தில் இயந்திரம் எவ்வளவு இழுத்தது என்பதும் தெரிய வேண்டும். ஒன்றைக் கொடுத்து மற்றொன்றை வைத்துக்கொண்டால் எங்களால் எதையும் தீர்மானிக்க முடியாது.

நான் இப்போது செய்வது இதுதான். முன்பு இரவு முழுக்க அணைத்துவிட்டு விடியற்காலையில் முழு வேகத்தில் ஓட்டுவேன். வீடு சீக்கிரம் சூடாக வேண்டுமென்று, அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டருக்குப் போகும் நீர் 50 டிகிரியைத் தாண்டும், அதுவும் சரியாக ஊரே விழித்துக்கொள்கிற, கட்டணம் உச்சத்தில் இருக்கிற நேரத்தில். இப்போது 35, 38 டிகிரி நீரை நாள் முழுக்க மெதுவாக ஓட விடுகிறேன், நீரின் சூடு குறையக் குறைய இந்த இயந்திரத்தின் திறன் கூடும். மதியம் காற்று கொஞ்சம் இதமாகி, சூரிய மின்சாரமும் தாராளமாகக் கிடைக்கிற நேரத்தில் வீட்டை ஒரு டிகிரி கூடுதலாக ஏற்றி வைத்துக்கொண்டு, மாலை உச்ச நேரத்தில் கம்ப்ரஸரைப் படுக்கப் போட்டுவிடுகிறேன். சுவரும் தரையும் பிடித்து வைத்த சூடு மூன்று மணி நேரம் தாங்குகிறது. எங்கள் வீட்டில் தாங்குகிறது, சுவர் மெலிந்த வீட்டில் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. அது எவ்வளவு என்பதை அந்தந்த வீட்டு மீட்டர்தான் சொல்ல முடியும்.

அதனால் முதலில், கணக்கை நாங்களே எடுத்துக்கொள்ள மீட்டரில் திறந்த துளை ஒன்று வேண்டும். நெதர்லாந்தின் ஸ்மார்ட் மீட்டர்களில் பி1 என்றொரு பொருத்துவாய் இருக்கிறது, பழைய தொலைபேசிக் கம்பி செருகுவதைப் போன்றது. வீட்டுக்காரர் ஒரு கம்பியைச் செருகினால் போதும், புதிய மீட்டர்களில் நொடிக்கு ஒருமுறை கணக்கு வரும். ஐரோப்பிய ஒன்றியமும் 2019-ல் போட்ட மின்சந்தை விதியில், ஸ்மார்ட் மீட்டர் கணக்கை வாடிக்கையாளர் கிட்டத்தட்ட உடனுக்குடன் எடுத்துக்கொள்ள வழி இருக்க வேண்டும் என்று எழுதிவைத்தது. அரை மணிக் கணக்கு போதாதா என்று கேட்பீர்கள். காயிலைப் பிடிக்கப் போதும். ஆனால் கம்ப்ரஸர் பத்து நிமிஷம் ஓடி, பத்து நிமிஷம் நின்று, மறுபடி ஓடுகிற நோய் ஒன்று இருக்கிறது. திறனையும் தின்னும், இயந்திரத்தின் ஆயுளையும் தின்னும். அரை மணிச் சராசரியில் அது தெரியவே தெரியாது, நொடிக் கணக்கில் ரம்பப் பல் மாதிரி பளிச்சென்று தெரியும்.

நாளைய விலை இன்றைக்கே, இயந்திரம் தானே படித்துக்கொள்ளும் வடிவில் வர வேண்டும். விலைப் பட்டியலைப் படமாகப் போட்டால் என் ஹீட் பம்ப் அதைப் படிக்காது. மலிவு நேரம் தொடங்கிய அதே நொடியில் எல்லா வீடுகளும் சேர்ந்து ஓடத் தொடங்கினால் புதிதாக ஓர் உச்சம் எழும் என்று உங்கள் பொறியாளர்கள் கவலைப்படுவார்கள். நியாயமான கவலை. வீட்டுக்கு வீடு சில நிமிஷம் முன்பின்னாகத் தொடங்கச் சொல்லுங்கள், வீட்டின் சூடு அதற்குள் ஒன்றும் இறங்கிவிடாது.

நெருக்கடி நேரத்தில் எங்கள் இயந்திரத்தைக் குறைக்கும் உரிமை வேண்டும் என்றால் அதையும் பேசலாம். ஜெர்மனியில் 2024 ஜனவரி முதல், புதிதாகப் பொருத்தப்படுகிற பெரிய ஹீட் பம்புகளை மின்வலை நிறுவனம் தற்காலிகமாகக் குறைக்கலாம், ஆனால் முழுதாக அணைக்கக் கூடாது. வீட்டு ஹீட் பம்ப் ஒன்றுக்கு 4.2 கிலோவாட்டாவது மிச்சம் வைக்க வேண்டும், பதிலுக்கு மின்வலைக் கட்டணத்திலும் தள்ளுபடி தர வேண்டும். குழந்தையும் வயதானவர்களும் இருக்கிற வீட்டில் சூடு என்பது வசதி இல்லை, அதனால் அந்த அடிமட்டம் இல்லாத எந்த ஒப்பந்தத்திலும் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

இன்னொன்று. நாங்கள் எப்போது எழுகிறோம், எந்த வாரம் வீட்டில் ஆளில்லை என்பதெல்லாம் அரை மணிக் கணக்கில் தெரியும். எங்களைக் கேட்காமல் அதை வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள். எங்களுக்குக் கொடுக்க ஆறு வாரம் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

என் மீட்டரிலும் அந்தப் பொருத்துவாய் இருக்கிறது. அதன் மேல் உங்கள் முத்திரை இருக்கிறது. அதைத் திறக்க யாருக்கு விண்ணப்பிக்க வேண்டும், எத்தனை நாளில் திறப்பீர்கள் என்று அடுத்த குளிர் தொடங்குமுன் எழுத்தில் பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் இணைப்பில் உள்ள ஒரு வீட்டுக்காரன்