சுவரில் கொனொலி, பதிவு எங்கே?

மதிப்பிற்குரிய மருத்துவமனை நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். உங்கள் இரண்டாம் மாடி மனநல வார்ட்டில் ஏழு வாரம் இருந்தவனின் அக்கா எழுதுகிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை நடந்ததைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. என்னுடைய நான்கு கடிதங்கள் உங்களிடம் இருக்கின்றன, உங்களுடைய மூன்று பதில்கள் என்னிடம் இருக்கின்றன. அன்றைக்கும் இன்றைக்கும் கேட்பது ஒன்றுதான். தம்பியை எத்தனை பேர், எப்படி, எத்தனை நிமிடம் அமுக்கிப் பிடித்திருந்தார்கள் என்று எழுதிய பதிவைக் காட்டுங்கள். அவனே கையெழுத்துப் போட்டுத்தான் கேட்டிருக்கிறான்.

இதைப் பொதுவில் எழுத வைத்தது போன மாதம் நீங்கள் நடத்திய கண்காட்சி. நோயாளிகளின் குடும்பத்தவரையும் அழைத்திருந்தீர்கள், நன்றி. தேநீர் நன்றாக இருந்தது. நுழைந்ததும் எதிர்ச்சுவரில் டாக்டர் ஜோன் கொனொலியின் பெரிய படம். மனநோயாளிகளின் கட்டை அவிழ்த்த அந்த மனிதரின் வழியில் வந்தவர்கள் நாங்கள் என்று உங்கள் பேச்சாளர் சொன்னார். சரி, அது என்ன வழி என்று பார்ப்போமே என்று வீட்டுக்கு வந்து கொனொலியைப் படிக்கத் தொடங்கினேன். படித்து முடித்த பிறகு உங்கள் மூன்று பதில்களையும் எடுத்து மறுபடி வாசித்தேன். தூக்கம் போய்விட்டது.

1794இல் லிங்கன்ஷயரில் மார்க்கெட் ரேசன் என்ற சிற்றூரில் பிறந்தவர். முதலில் மிலிஷியாப் படையில் அதிகாரி, பிறகு எடின்பரோவில் படித்து 1821இல் டாக்டர். ஸ்ட்ராட்ஃபர்டில் வைத்தியம் பார்த்தார், அந்த ஊருக்கு இரண்டு தடவை மேயராகவும் இருந்தார். 1828இல் லண்டனில் புதிதாகத் தொடங்கிய பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பேராசிரியர், மூன்றே வருடத்தில் அதை விட்டுவிட்டார். 45 வயது வரைக்கும் எதிலும் நிலைத்து நிற்காத மனிதர் என்றுதான் எனக்குத் தோன்றியது. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் கண்டிருந்தால் ஒரு தொழிலும் சரிவராத பிள்ளை என்று முடித்திருப்பார்கள்.

1839 ஜூன் 1ஆம் திகதி அவர் ஹான்வெல் மனநோயாளர் விடுதிக்கு மருத்துவராகப் போனார். மிடில்செக்ஸ் ஏழைகளுக்காக 1831இல் திறந்த இடம். மேற்கு லண்டனில் 207 பஸ்ஸில் அக்ஸ்பிரிட்ஜ் ரோட்டால் போனால் அதன் பழைய வாசல் வளைவை இன்றும் பார்க்கலாம். நான் இருபது வருடமாக அதைக் கடந்து போகிறேன், என்ன கட்டடம் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. அவர் போனபோது உள்ளே சுமார் 800 பேர். வார்ட்டுகளில் நோயாளியை உட்கார்த்திக் கட்டிவைக்கும் நாற்காலிகள் இருந்தன. கட்டும் சாமான்களை எல்லாம் ஒன்று சேர்த்தபோது சுமார் 600 தேறியது என்கிறார்கள், அதில் பாதி கைவிலங்கும் கால்பூட்டும்.

போன புதிதில் அவர் செய்த காரியம்தான் என்னை உறங்கவிடாதது. இன்றைக்கு யார் யார் கட்டப்பட்டிருக்கிறார்கள் என்று ஒவ்வொரு நாளும் எழுதித் தன்னிடம் தரச் சொன்னார். அவ்வளவுதான். தொடக்கத்தில் நாற்பது பேர் அளவில் கட்டப்பட்டிருந்தார்கள், பிறகு குறைந்துகொண்டே வந்தது. செப்டம்பர் 21க்குப் பிறகு ஒருவரும் இல்லை. நான்கு மாதம்கூட ஆகவில்லை. மையில் தொட்டு எழுதும் காலத்தில், 800 பேர் இருந்த விடுதியில், அன்றன்று கணக்கு மேசைக்கு வந்திருக்கிறது. உங்கள் வார்ட்டில் பதினெட்டுக் கட்டில். ஒவ்வொரு தாதியின் கையிலும் ஒரு டேப்லெட். என் தம்பியின் ஒரு மாலைப் பொழுதைத் தேடி எடுக்க நான்கு மாதம் போதவில்லை உங்களுக்கு.

இந்த யோசனை கொனொலியுடைய சொந்தச் சரக்கும் இல்லை. அவருக்கு முன்பே லிங்கன் விடுதியில் டாக்டர் சார்ல்ஸ்வர்த்தும் கார்டினர் ஹில்லும் கட்டுகளை ஒவ்வொன்றாக ஒழித்துவிட்டார்கள். கொனொலி அங்கே போய்க் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் ஹான்வெல்லுக்கு வந்தார். லிங்கனில் அது வேகம் பிடித்ததற்கு ஒரு சாவும் காரணம். 1829இல் வில்லியம் ஸ்க்ரிவிஞ்சர் என்ற நோயாளியைக் கட்டுச்சட்டை மாட்டி, கட்டிலோடு இறுக்கி, இரவு முழுக்கத் தனியே விட்டிருந்தார்கள். விடிய அவர் உயிரோடு இல்லை. அதன் பிறகு அந்த விடுதி, மருத்துவர் எழுத்தில் உத்தரவு தராமல் அந்தச் சட்டையை யாருக்கும் மாட்டவே கூடாது என்று விதித்தது. எழுத்தில் என்ற சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள்.

இனி எங்கள் வீட்டு விஷயம். திங்கட்கிழமை மத்தியானம் அம்மா சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் குழம்பும் கட்டிக்கொண்டு வந்தார். தம்பி டப்பாவைத் திறந்தான், இடக்கையால் எடுத்துச் சாப்பிட்டான். வலது மணிக்கட்டு வீங்கி, ஈலிங் அம்மன் கோயிலில் அம்மா கட்டிவிட்ட நூல் இருந்த இடத்தில் சிவப்பாக ஒரு கோடு. நூல் இல்லை. இடக்கையால் சோறு தொடுவது எங்கள் வீட்டில் எப்படி என்று உங்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியுமா தெரியவில்லை. சின்ன வயதில் அதற்காகவே அடி வாங்கியவன் அவன். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, “குறை நினைக்காதையுங்கோ அம்மா” என்றான். அம்மா ஒன்றும் சொல்லாமல் டப்பாவை வாங்கிப் பிசைந்து ஊட்டத் தொடங்கினார். அவனுக்கு 31 வயது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற உங்கள் ஊழியர் ஏதோ தட்டெழுதினார்.

பிறகு வந்த கோப்புப் பிரதியில் அந்தத் திங்கட்கிழமைக் குறிப்பு இருக்கிறது: சாப்பிட உதவி தேவைப்படுகிறது. நேரம் பகல் 1.12. ஆக, அம்மா ஊட்டியது நிமிடக் கணக்கோடு பதிவாகியிருக்கிறது. ஏன் ஊட்ட வேண்டிவந்தது என்பது மட்டும் எங்கும் இல்லை.

கொனொலியைத் தெய்வமாக்கச் சொல்லவில்லை. கட்டை எடுத்த இடத்தில் அவர் மெத்தை பதித்த அறைகளை வைத்தார். கலகம் செய்பவரைத் தனியே அடைத்தார். அதுவும் ஒரு கட்டுத்தான் என்று அப்போதே சொன்னவர்கள் உண்டு. பிற்காலத்தில் தனியார் விடுதிப் பணமும் அவரைச் சறுக்க வைத்தது. தனக்குக் காசு தரும் ஒரு விடுதிக்கே ரக் என்ற கனவானைப் புத்தி பிசகியவர் என்று எழுதிக்கொடுத்து, நீதிமன்றத்தில் 500 பவுண் நட்டஈடு கட்ட வேண்டிவந்தது. ஆனால் ஹான்வெல் காலத்தில் ஒரு விஷயத்தை அவர் விடவில்லை. கட்டாமல் பார்ப்பதென்றால் ஆள் வேண்டும், நல்ல சம்பளம் கொடுத்துப் பொறுமையான ஆளாக வைக்க வேண்டும் என்று மேலிடத்தை நச்சரித்துக்கொண்டே இருந்தார். மேலிடத்தோடு ஒத்துப்போகாமல் 1844இல் வதிவிட மருத்துவர் பதவியை விட்டார். அந்த மேலிடத்தின் படத்தை இன்றைக்கு யாரும் சுவரில் மாட்டுவதில்லை.

உங்கள் தாதிகள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அன்று மாலை வார்ட்டில் இருந்த இருவரில் ஒருவர் ஏஜென்சியிலிருந்து வந்தவர், தம்பியின் பெயரையே சரியாகச் சொல்லத் தெரியாதவர். அது அவர் குற்றமா?

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், உங்களுக்குத் தெரியாததல்ல. 2010இல் லண்டன் பெத்லெம் மனநல மருத்துவமனையில் 23 வயது ஒலசேனி லூயிஸை 11 பொலிஸார் அமுக்கிப் பிடித்ததில் அந்தப் பிள்ளை இறந்துபோனது. அவன் தாய் தகப்பன் எத்தனையோ வருடம் அலைந்ததால்தான் 2018இல் சேனி சட்டம் வந்தது. பலம் பயன்படுத்தினால் ஏன், எங்கே, எவ்வளவு நேரம், எந்த விதமாக, தவிர்க்க என்ன முயற்சி எடுத்தீர்கள் என்று எழுதிவைக்க வேண்டும் என்கிறது அது. நான் கேட்பதும் அந்தத் தாளைத்தான். புதிதாக ஒன்றும் எழுதித் தரச் சொல்லவில்லை.

உங்கள் மூன்றாவது பதிலோடு தமிழில் ஒரு துண்டுப்பிரசுரம் வைத்திருந்தீர்கள். யார் மொழிபெயர்த்தார்களோ, கட்டுப்படுத்திப் பிடிப்பதற்குத் ‘தன்னடக்கம்’ என்று போட்டிருக்கிறது. “தன்னடக்கம் பயன்படுத்தப்பட்ட பின் உங்கள் உரிமைகள்.” அம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்துவிட்டு, “தன்னடக்கம் நல்லதுதானே பிள்ளை, இதுக்கேன் முறைப்பாடு?” என்று கேட்டார். எங்கள் ஊரில் யாராவது கொஞ்சம் கோணலாக நடந்தால் மனநோய்க்கு வைத்தியம் பார்க்கும் மந்திகை ஆஸ்பத்திரியை நினைத்து, மந்திகைக்குக் கொண்டுபோ என்று பகிடி பண்ணுவார்கள். அந்தச் சொல்லுக்குப் பயந்துதான் அம்மா தம்பியின் வருத்தத்தை மூன்று வருடம் மறைத்தார். லண்டன் வைத்தியம் அப்படி இல்லை, இங்கே கட்ட மாட்டார்கள், மரியாதையாக நடத்துவார்கள் என்று சொல்லிச் சொல்லி அவரைச் சம்மதிக்க வைத்தது நான். இப்போது அவர் என் முகத்தைப் பார்த்துக் கதைப்பதில்லை. இதற்கும் உங்களிடம் ஒரு படிவம் இருக்கலாம்.

மன்னிக்கவும், மரியாதையாக எழுதுவதென்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். தயவுசெய்து அந்த ஞாயிற்றுக்கிழமைப் பதிவை அனுப்பிவையுங்கள். பதிவே எழுதவில்லை என்றால், எழுதவில்லை என்று உங்களில் ஒருவர் கையெழுத்திட்டு அனுப்புங்கள். தமிழில் வேண்டாம். ஆங்கிலத்திலேயே இருக்கட்டும், அம்மாவுக்கு நானே வாசித்துச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
இரண்டாம் மாடி வார்ட்டில் இருந்தவனின் அக்கா