ஜீரோ பார்க்கிறோம், பெட்ரோலைப் பார்ப்பதில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

மஞ்சக்குப்பத்தில் இருபது வருடமாக டூவீலர் பட்டறை வைத்திருக்கிறேன். போன மாதம் ஒரே வாரத்தில் மூன்று வண்டிகள் ஒரே கோளாறோடு வந்தன. பாலம் ஏறும்போது இன்ஜின் தட்டுகிறது. சைலன்சர் புகையில் கண் எரிகிறது. ப்ளக்கைக் கழற்றினால் அடுப்புக்கரி மாதிரி இருந்தது. டேங்கிலிருந்து கொஞ்சம் எடுத்து விரலில் தேய்த்தேன். நல்ல பெட்ரோல் சில்லென்று பறந்துவிடும். இது பிசுக்காக ஒட்டிக்கொண்டு மண்ணெண்ணெய் வாடை அடித்தது. மூவரும் ஒரே பங்க்கில் போட்டவர்கள். அது ஆற்றுக்கு இந்தப் பக்கமா, புதுச்சேரிப் பக்கமா என்பதை இங்கே எழுதவில்லை.

விலை குறைவு என்று புதுச்சேரி எல்லையில் இருக்கும் முள்ளோடை வரை போய் டேங்கை நிரப்பி வருகிற ஊர் நம்முடையது. ஆனால் மீட்டரில் ஜீரோ பார்ப்பதோடு சரி. பங்க்கில் ஃபில்டர் பேப்பர் கேட்டு, நாசிலிலிருந்து ஒரு சொட்டு விட்டால், நல்ல பெட்ரோல் இரண்டு நிமிடத்தில் கறையில்லாமல் காய்ந்துவிடும். கலப்படம் கொஞ்சமாக இருந்தால் பேப்பர் காட்டாது. அடர்த்தி பார்க்கச் சொல்ல வேண்டும். 500 மில்லி ஜாடி, ஹைட்ரோமீட்டர், தெர்மாமீட்டர் எல்லாம் பங்க்கிலேயே இருக்க வேண்டும். 15 டிகிரிக்குக் கணக்கிட்ட அடர்த்தி, அவர்கள் பதிவேட்டில் உள்ளதைவிட கன மீட்டருக்கு 3 கிலோவுக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது. நான் கேட்டபோது, "ஜாடி உடைஞ்சிடுச்சுண்ணா" என்றான் பையன். அதற்குள் பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். எனக்குக் கோபம் வந்தது பையன்மேல் இல்லை, அந்த ஹாரன்மேல்தான்.

எல்லாவற்றையும் கலப்படம் என்று சொல்லவும் முடியாது. மழையில் டேங்குக்குள் தண்ணீர் இறங்கினால், பெட்ரோலில் சேர்த்திருக்கும் எத்தனால் அதோடு சேர்ந்து அடியில் தங்கிவிடும், வண்டி நின்றுவிடும். அது வேறு கதை.

மண்ணெண்ணெய் கலந்தது முழுதாக எரியாது. கார்பன் மோனாக்சைடும் எரியாத எண்ணெயும் புகையோடு வெளியே வரும். இப்போதைய புகை விதியான பி.எஸ். 6-க்கு ஏற்ற பெட்ரோலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குதான். மண்ணெண்ணெயில் பல மடங்கு. சைலன்சருக்குள் நச்சுப்புகையைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் அதில் கெட்டுப்போனால், அப்புறம் நல்ல பெட்ரோல் ஊற்றினாலும் நச்சுப்புகைதான். அதை வண்டிக்காரரா குடிக்கிறார்? லாரன்ஸ் ரோட்டு ஓரத்தில் நாள் முழுக்க உட்கார்ந்து பூக்கட்டுகிற அம்மாதான் குடிக்கிறார்.

வழங்கல் துறையினர் சொல்லாமல் வந்து சோதிக்க வேண்டும். ஃபில்டர் பேப்பர் கேட்கலாம் என்பதைப் பெரிய எழுத்தில், தமிழில், நாசில் பக்கத்திலேயே எழுதி வைக்க வேண்டும். நானும் ஒரு கட்டு பேப்பர் வாங்கிப் பட்டறையில் வைத்திருக்கிறேன். இதுவரை இரண்டு பேர்தான் கேட்டு வாங்கிப் போனார்கள்.

இப்படிக்கு,
ஒரு டூவீலர் மெக்கானிக்,
மஞ்சக்குப்பம், கடலூர்.