வண்டிக் கூரையில் நிற்காத வெயில் தடுப்புக் கோட்டிங் பற்றிய புகார்

அனுப்புநர்:
சொந்த வண்டியில் பேக்கரிச் சரக்கு விநியோகம் செய்பவர்,
வேலூர்.

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்,
தலைமை அலுவலகம், சென்னை.

பொருள்: கண்டெய்னர் பாடி கூரைக்கு அடித்த உங்கள் கூல் ரூஃப் கோட்டிங் உரிந்து போனது, அதற்கு நியாயம் கேட்டு அலைக்கழிக்கப்பட்டது தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். இந்தப் புகாரைக் கட்டணமில்லா எண்ணில் சொல்லிப் பார்த்தேன், டீலரிடம் சொல்லிப் பார்த்தேன், வாட்ஸ்அப்பில் படம் அனுப்பிப் பார்த்தேன், கடைசியில் வண்டியையே ஓட்டிக்கொண்டு உங்கள் கிடங்கு வாசலுக்கும் வந்து பார்த்தேன். இனிமேல் பேசிப் பிரயோசனம் இல்லை என்பதால் எழுத்தில் தருகிறேன். பதிலையும் தயவுசெய்து எழுத்திலேயே தாருங்கள்.

என் வண்டி 14 அடி கண்டெய்னர் பாடி. மேலே ஜி.ஐ. தகடு, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு, உள்ளே லைனிங் கிடையாது. விடியற்காலையில் பேக்கரியில் லோடு ஏற்றி வேலூரிலிருந்து குடியாத்தம், பேரணாம்பட்டு, ஆம்பூர் வழியாக வாணியம்பாடி வரைக்கும் கடை கடையாகப் போடுகிறேன். ரொட்டி, பன், டீ கேக், கிரீம் பன் இவைதான் சரக்கு. ஓட்டுவதும் நானே, கணக்கு பார்ப்பதும் நானே. கூட ஒரே ஒரு லோடுமேன். எங்கள் ஊர் வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கத்திரி தொடங்கினால் செய்தியில் வேலூர், திருத்தணி, கரூர் பரமத்தி என்றுதான் வாசிக்கிறார்கள்.

வெளியே 40 டிகிரி என்றால் மூடிய தகட்டுப் பெட்டிக்குள் அதைவிட எவ்வளவோ ஏறிவிடும். பதினோரு மணிக்கு மேல் கதவைத் திறந்தால் முகத்தில் அனல் அடிக்கும். கிரீம் பன்னில் கிரீம் உருகி கவருக்குள் வழிந்திருக்கும். ரொட்டிக் கவரின் உள்பக்கம் வியர்த்து நீர் கோத்திருக்கும். அந்த ஈரத்தில் மறுநாளோ அதற்கு மறுநாளோ பூஞ்சை வந்துவிடும். கடைக்காரர் திருப்பிக் கொடுத்தால் அந்த ரிட்டர்ன் என் தலையில்தான் விழும், பேக்கரிக்காரர் ஏற்க மாட்டார். இதற்காகத்தான் உங்கள் கோட்டிங்கை வாங்கினேன்.

முன்பு கூரையில் சில்வர் பெயிண்ட் இருந்தது. பார்வைக்குப் பளபளப்பாக இருக்கும், மதியம் கை வைத்தால் சுடும். அலுமினியப் பெயிண்ட் வெயிலில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பினாலும் வாங்கிய சூட்டைச் சீக்கிரம் வெளியே விடாது. வெள்ளை அக்ரிலிக் கோட்டிங் வெயிலைத் திருப்பியும் அனுப்பும், வாங்கிய கொஞ்சச் சூட்டையும் வெளியே விட்டுவிடும். இதை உங்கள் கையேட்டில்தான் படித்தேன், அது உண்மைதான் என்பதையும் பிறகு கண்ணால் பார்த்தேன். கூல் ரூஃப் என்பதே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. தெலங்கானா அரசு 2023-இல் இதற்கென்றே ஒரு கொள்கை வெளியிட்டிருக்கிறது. தொழில்நுட்பத்தின் மேல் எனக்குக் குறையே இல்லை, நீங்கள் விற்ற டின்னின் மேல்தான் குறை.

டின்னில் என்ன அச்சிட்டிருக்கிறீர்கள் என்று நீங்களே எடுத்துப் பாருங்கள். மொட்டை மாடி, ஆஸ்பெஸ்டாஸ், தகரக் கூரை, கண்டெய்னர் என்று நான்கு படம். கீழே 'எஸ்.ஆர்.ஐ. 100-க்கு மேல்', 'நேரடியாகப் பூசலாம்' என்று தடித்த எழுத்து. எஸ்.ஆர்.ஐ. என்பது வெயிலைத் திருப்பி அனுப்பிச் சூட்டை வெளியே விடும் திறனுக்கான அளவு. இருந்தாலும் ஜி.ஐ. தகட்டில் பெயிண்ட் லேசில் பிடிக்காது என்று பாடி கட்டும் பட்டறையில் சொல்லியிருந்ததால், வாங்கும்போதே டீலரிடம் பிரைமர், அதாவது பெயிண்ட் பிடிப்பதற்கு முதலில் அடிக்கும் அடிப்பூச்சு, வேண்டுமா என்று கேட்டேன். அவர் என் எதிரிலேயே கஸ்டமர் கேருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். "தேவையில்லை சார், இது செல்ஃப் பிரைமிங்" என்று உங்கள் ஆள்தான் சொன்னார். அந்த அழைப்பு உங்களிடம் பதிவாகியிருக்கும். எடுத்துக் கேளுங்கள்.

பழைய சில்வரைக் கம்பி பிரஷ்ஷும் உப்புத்தாளும் வைத்துத் தகடு தெரியும்வரை சுரண்டினோம். சோப்புத் தண்ணீரில் கழுவி ஒரு நாள் முழுக்கக் காயவிட்டோம். தகடு சூடேறுவதற்கு முன், காலையிலேயே முதல் கோட். டின்னில் போட்டிருந்த அளவுக்குத்தான் தண்ணீர் கலந்தோம். நீங்கள் சொன்ன இடைவெளி விட்டு இரண்டாவது கோட், தண்ணீர் கலக்காமல். அடித்தவர் அனுபவமுள்ள பெயிண்டர். ஒவ்வொரு கட்டத்துக்கும் போட்டோ இருக்கிறது.

ஆரம்பத்தில் நன்றாகத்தான் இருந்தது. கிரீம் பன் வாணியம்பாடிவரை ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. ஒரு கோடை மழை பெய்தது, அவ்வளவுதான். முன்பக்கத் தகட்டு மடிப்பிலும் ரிவெட் வரிசையிலும் அப்பளம் மாதிரி பொரிந்துகொண்டு வந்தது. வண்டி ஓட ஓடக் காற்று அதற்குள் புகுந்து கிழித்தது. பள்ளிகொண்டா பக்கத்தில் முழநீளத் துண்டு ஒன்று பறந்து பின்னால் வந்த காரின் கண்ணாடியில் போய் ஒட்டிக்கொண்டது. அந்தக் கார்க்காரர் என்னை மறித்து நிறுத்திப் பேசியதை இங்கே எழுத முடியாது. ஒரு உயிர் போயிருந்தால் யார் பொறுப்பு?

உரிந்த துண்டுகளைக் கவரில் போட்டு வைத்திருக்கிறேன். உங்கள் லேப் ஆள் யாராவது ஒருவர் பார்த்தாலே புரிந்துவிடும். அடிப்பக்கம் வழவழவென்று பிளாஸ்டிக் ஷீட் போல இருக்கிறது. துருவோ அழுக்கோ பழைய பெயிண்டோ அதில் ஒட்டிக்கொண்டு வரவில்லை. கீழே இருந்த தகடும் சுத்தமாக இருக்கிறது. அதாவது உங்கள் கோட்டிங் தகட்டைப் பிடிக்கவே இல்லை.

இப்போது உங்கள் கிடங்கு விஷயத்துக்கு வருகிறேன். "வண்டியை நேரில் கொண்டு வாருங்கள், டெக்னிக்கல் ஆள் பார்த்து அன்றைக்கே முடித்துக் கொடுப்பார்" என்று உங்கள் ஏரியா பிரதிநிதி சொன்னார். நம்பினேன். அன்றைய லைனை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டு, டீசல் போட்டு, வாலாஜாவிலும் நெமிலியிலும் டோல் கட்டி, பூந்தமல்லி தாண்டி வந்தேன். கேட் பாஸ் இல்லை என்று வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. பிரதிநிதிக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. வெயிலில், நிழல் இல்லாத ரோட்டோரத்தில், நானும் என் லோடுமேனும் மதியம் முழுக்க நின்றோம். சாப்பாட்டு நேரம் முடிந்து ஒருவர் வெளியே வந்தார். ஏணி வண்டியிலேயே இருந்தது, நான் சாய்த்துப் பிடித்துக்கொண்டேன். அவர் ஏறவில்லை. கீழே நின்றபடியே, "வண்டிக்கெல்லாம் யார் சார் இதை அடிக்கச் சொன்னா? பெயிண்ட் அடிச்சா வண்டி ஃப்ரிட்ஜ் ஆயிடுமா? போய் ஏசி வண்டி வாங்குங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

யார் அடிக்கச் சொன்னார்களா? உங்கள் டின்னில் கண்டெய்னர் படம் போட்டவர்தான் அடிக்கச் சொன்னார். கூரைத் தகட்டை ஒரு முறை ஏறிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? அவ்வளவு தூரம் வந்தவனுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்கக்கூட அங்கே ஆள் இல்லை. என் வேலையாள் முன்னால் என்னை அப்படிப் பேச அவருக்கு யார் உரிமை கொடுத்தது? பணம் போனால்கூடப் பரவாயில்லை, அந்தப் பேச்சை நான் மறக்கப்போவதில்லை. அவர் பெயர் அடையாள அட்டையில் இருந்தது, நான் குறித்து வைத்திருக்கிறேன். நாகரிகம் கருதி இந்தக் கடிதத்தில் எழுதவில்லை. தேவைப்பட்டால் எழுத வேண்டிய இடத்தில் எழுதுவேன்.

ஊர் திரும்பும்போதே உங்களிடமிருந்து எஸ்.எம்.எஸ். வந்தது: 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது. சேவையை மதிப்பிடுங்கள்.' எதைத் தீர்த்தீர்கள்?

மன்னிக்கவும், கோபத்தில் எழுதிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம், நடந்ததைத்தான் எழுதுகிறேன். மறுபடி புகார் போட்டதற்கு வந்த மின்னஞ்சலில் இரண்டு காரணம் சொல்லியிருக்கிறீர்கள். ஒன்று, உள்ளே பஃப் பேனல் (சூட்டைத் தடுக்கும் நுரைப் பலகை) போடாததால் வண்டிக்குள் சூடு குறையவில்லையாம். கோட்டிங் வேறு, இன்சுலேஷன் வேறு என்று உங்களுக்கே தெரியும். பஃப் உள்ளே இறங்கும் சூட்டைத் தாமதப்படுத்தும், கோட்டிங் வெயிலைத் தகட்டிலேயே திருப்பி அனுப்பும். நான் பஃப் வாங்கவில்லை. 40 டிகிரி வெயிலில் உள்ளே 25 ஆகும் என்றும் கேட்கவில்லை, வெளியே இருக்கும் சூட்டுக்குப் பக்கத்திலாவது உள்ளே இருக்கட்டும் என்றுதான் கேட்டேன்.

அது நடக்கக்கூடியதுதான் என்பதற்கு ஆதாரம் என்னிடமே இருக்கிறது. பட்டறை நண்பரின் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை வாங்கி, வண்டிக்குள் நின்று கூரைத் தகட்டின் அடிப்பக்கத்தை அளந்தேன். வெறும் ஜி.ஐ. தகட்டில் நேரடியாகக் காட்டினால் அந்தக் கருவி தப்பாகக் காட்டும் என்று அவர் சொன்னதால், மாஸ்கிங் டேப் ஒட்டி அதன் மேல்தான் காட்டினேன். உரிந்த இடத்துக்குக் கீழே 61 டிகிரி. ஒரு முழம் தள்ளி, கோட்டிங் இன்னும் மிச்சமிருக்கும் இடத்துக்குக் கீழே 46. ஒரே தகடு, ஒரே வெயில், ஒரே நேரம். உங்கள் பொருள் நின்ற இடத்தில் வேலை செய்கிறது, ஆனால் நிற்க மாட்டேன் என்கிறது. அளந்ததை வீடியோ எடுத்தும் அனுப்பினேன், யாரும் திறந்து பார்த்ததாகத் தெரியவில்லை.

இரண்டாவது காரணத்தைப் படித்துத்தான் எனக்கு ரத்தம் கொதித்தது. 'எபாக்ஸி பிரைமர் பூசப்படாததால் உத்தரவாதம் செல்லாது' என்று எழுதியிருக்கிறீர்கள். பிரைமர் வேண்டாம் என்று சொன்னதே நீங்கள்தானே? உங்கள் இணையதளத்தில் இருக்கும் தொழில்நுட்பத் தாளை அதன்பிறகு என் மகன் தேடி எடுத்தான். ஆங்கிலத்தில், இரண்டாம் பக்கத்தில், பொடி எழுத்தில், உலோகப் பரப்புக்கு முதலில் ஜிங்க் பாஸ்பேட் எபாக்ஸி பிரைமர் அடிக்க வேண்டும் என்று இருக்கிறது. துத்தநாகம் பூசிய தகட்டில் சாதாரண அக்ரிலிக் நேரடியாகப் பிடிக்காது என்பது பட்டறைப் பையனுக்குக்கூடத் தெரியும், தயாரிக்கிற உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. தெரிந்துகொண்டே டின்னில் 'நேரடியாகப் பூசலாம்' என்று ஏன் போட்டீர்கள்? டின்னை வாங்குகிறவன் டின்னைத்தான் படிப்பான்.

இதனால் எனக்கு ஆன நஷ்டம் டின் விலையோடு நிற்கவில்லை. பெயிண்டர் கூலி, வண்டி நின்ற நாட்களின் வருமானம், சென்னை வந்து போன டீசலும் டோலும், ரிட்டர்ன் வந்த சரக்கு. ஆம்பூரில் நான் பல வருடமாகச் சரக்கு போட்டுவந்த கடை ஒன்று இப்போது வேறு ஆளிடம் வாங்குகிறது. வண்டிக் கூரை சொறி பிடித்த மாதிரி இருப்பதைப் பார்த்துவிட்டு, "இதிலயா சாப்பிடுற பொருள் வருது?" என்று கடைக்காரர்கள் கேட்கிறார்கள். இந்தக் கோடை சம்பாத்தியம் மொத்தமும் உங்களால் போயிற்று என்றே சொல்வேன்.

நான் கேட்பது இதுதான். முதலில், விவரம் தெரிந்த ஒருவரை வேலூருக்கு அனுப்புங்கள், ஏணியில் ஏறிப் பார்க்கிறவராக இருக்கட்டும். அவர் முன்னாலேயே மறுபடி அளந்து காட்டுகிறேன். மிச்சமிருக்கும் கோட்டிங்கைச் சுரண்டி, சரியான பிரைமர் அடித்து, தகட்டுக்கென்றே உள்ள கோட்டிங்கை உங்கள் செலவில் பூசித் தாருங்கள். இல்லையென்றால் டின் விலை, கூலி, வீணான சரக்கு எல்லாவற்றுக்கும் பணம் தாருங்கள். அப்புறம், கிடங்கில் என்னிடம் அப்படிப் பேசியவர் மன்னிப்புக் கேட்க வேண்டும். இதில் நான் இறங்கி வரமாட்டேன்.

உங்கள் நிறுவனத்தின் மேல் எனக்குப் பகை எதுவும் இல்லை. என் வீட்டுக்கு நான் அடித்திருப்பதும் உங்கள் பெயிண்ட்தான், அது நன்றாகவே இருக்கிறது. அந்த நம்பிக்கையில்தான் இதையும் வாங்கினேன். மரியாதையாகப் பேசினால் நானும் மரியாதையாகவே முடித்துக்கொள்வேன்.

ஆனால் 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, வேலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குப் போடுவேன். வியாபாரத்துக்கு வாங்கியவன் நுகர்வோர் இல்லை என்று உங்கள் வக்கீல் சொல்லக்கூடும். சுயதொழிலாக, பிழைப்புக்காக மட்டும் பயன்படுத்த வாங்கியவன் நுகர்வோர்தான் என்று 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது, கேட்டுத் தெரிந்துகொண்டுதான் எழுதுகிறேன். பொருளின் விலை 5 லட்சத்துக்குள் என்றால் அங்கே கட்டணமும் கிடையாது. டின்னில் போட்ட படத்தையும் வாசகத்தையும் தவறான விளம்பரம் என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்குத் தனியாக எழுதுவேன். அவர்கள் தயாரிப்பாளருக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். அந்த நிலைக்கு என்னைத் தள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பில் நகல், டின்னின் நான்கு பக்கப் படங்கள், பூசும்போது எடுத்த போட்டோக்கள், உங்கள் மின்னஞ்சல், டோல் ரசீதுகள் இத்துடன் உள்ளன. உரிந்த துண்டுகளில் ஒன்றையும் கவரில் வைத்திருக்கிறேன், உங்கள் லேபுக்குக் கொடுங்கள். மீதி என்னிடம் பத்திரமாக இருக்கிறது. காலையில் வண்டி ஓட்டிக்கொண்டிருப்பேன், போன் எடுக்க முடியாது. மதியம் மூன்று மணிக்கு மேல் கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்பார்க்கும் வாடிக்கையாளர்,
வேலூர்.