தேக்கி வைப்பதற்கும் விலை உண்டு: மத்திய ஆசிய நீர் ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

மத்திய ஆசியாவின் நாடுகளிடை நீர் ஒருங்கிணைப்பு ஆணைய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நான் உங்கள் ஐந்து நாடுகளில் எதிலும் பிறந்தவன் அல்ல. ஆரல் கடல் இருந்த இடத்தில் மணலில் சாய்ந்து கிடந்த கப்பல்களின் படத்தைச் சிறுவயதில் பார்த்ததிலிருந்து அந்தக் கடலில் சேரும் சிர் தரியா ஆற்றைப் பற்றி விடாமல் படித்து வருகிறேன். உங்களிடம் கேட்பது ஒன்றுதான். அந்த ஆற்றின் மேல்பகுதியில் கிர்கிஸ்தானில் உள்ள டோக்டோகுல் அணையில் தண்ணீரைத் தேக்கி வைக்கும் வேலைக்கு நிலையான கட்டணம் ஒன்றை முடிவு செய்யுங்கள்.

தண்ணீருக்கு விலை வைக்கச் சொல்லவில்லை. 2001இல் கிர்கிஸ்தான் அப்படிச் சட்டம் இயற்றியபோது ஆற்றோட்டத்தில் கீழே உள்ள நாடுகள் ஏற்கவில்லை, அது நியாயம்தான். ஆனால் 1,950 கோடி கன மீட்டர் கொள்ளும் அணையைப் பராமரிப்பதும், குளிர்காலம் முழுக்க மதகைத் திறக்காமல் பொறுத்திருப்பதும் சும்மா நடப்பதில்லை. கிர்கிஸ்தானிடம் போதிய எரிவாயு இல்லை. சிர் தரியாவின் மேல்கிளையான நரின் ஆற்று நீரை டர்பைனில் விட்டு மின்சாரம் எடுத்தால்தான் பனிக்கால இரவில் வீடுகள் சூடாகும். கீழே உஸ்பெகிஸ்தானில் பெர்கானாவின் பருத்திக்கும் கசகஸ்தானில் கைசிலோர்தாவின் நெல்லுக்குமோ கோடையில்தான் தண்ணீர் வேண்டும்.

சோவியத் காலத்தில் கோடையில் தண்ணீர் கீழே போனது, குளிரில் நிலக்கரியும் எரிவாயுவும் மேலே வந்தன. 1991இல் சோவியத் கலைந்த பிறகு கீழ்நாடுகள் எரிபொருளுக்குக் காசு கேட்டார்கள், தண்ணீரை மட்டும் பழையபடியே எதிர்பார்த்தார்கள். அப்புறம் கிர்கிஸ்தான் குளிர்காலத்தில் மதகைத் திறந்ததைக் குறை சொல்ல என் மனம் ஒப்பவில்லை. ஆனால் விளைவு கொடியது. பனி உறைந்த ஆற்றில் அந்த நீர் ஓட இடமில்லாமல் கசகஸ்தான் ஊர்களை வெள்ளம் மிரட்டியது. மிச்சத்தை உஸ்பெகிஸ்தானின் அர்னசாய் பள்ளத்தில் திருப்பிவிட்டார்கள். அது ஆரலுக்குப் போய்ச் சேரவில்லை. குளிர்கால வெள்ளத்தைப் பிடிக்கவே கசகஸ்தான் கோக்சராய் என்று 300 கோடி கன மீட்டர் கொள்ளும் நீர்த்தேக்கத்தைக் கட்ட வேண்டியதாயிற்று. மேலே இடம் இருந்தும் கீழே இன்னொன்று!

1998 மார்ச்சில் கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கெக்கில் நல்ல ஒப்பந்தம் ஒன்று கையெழுத்தானது. கிர்கிஸ்தான் கோடையில் தண்ணீர் விட்டால், கீழ்நாடுகள் அதில் கிடைக்கும் உபரி மின்சாரத்தை வாங்கிக்கொண்டு நிலக்கரியும் எரிவாயுவும் தருவதாகப் பேச்சு. அது ஏன் நிலைக்கவில்லை? ஒவ்வோர் ஆண்டும் புதிதாகப் பேரம் பேச வேண்டியிருந்தது. நல்ல மழை பெய்த ஆண்டில் கீழ்நாடுகளுக்கு அணைநீர் அதிகம் தேவைப்படவில்லை, எரிபொருளும் குறைந்தது. பிஷ்கெக்கின் குளிர் மட்டும் குறையவில்லை. அதனால்தான் சொல்கிறேன், கட்டணம் திறந்துவிட்ட நீருக்காக இருக்கக் கூடாது, தேக்கி வைத்ததற்காக இருக்க வேண்டும். மழை பெய்தாலும் பொய்த்தாலும் அது கிடைக்க வேண்டும்.

நடக்காத காரியம் என்று சொல்லாதீர்கள். கிர்கிஸ்தானும் கசகஸ்தானும் பகிரும் சூ, தலாஸ் ஆறுகளுக்காக 2000இல் செய்த உடன்பாட்டின்படி, கிர்கிஸ்தான் மண்ணில் உள்ள ஓர்த்தோ-தொகோய், கிரோவ் அணைகளின் பராமரிப்புச் செலவில் கசகஸ்தான் பங்கு தருகிறது. 2006இல் அதற்கென்று கூட்டு ஆணையமும் அமைத்தார்கள். சிறிய ஆறுகள்தான், சரி. ஆனால் செலவைப் பகிரும் முறை உங்கள் கையிலேயே இருக்கிறது.

இப்போது டோக்டோகுலுக்கு மேலே 1,860 மெகாவாட் கம்பராத்தா-1 நீர்மின் அணைத் திட்டத்தில் கிர்கிஸ்தானும் கசகஸ்தானும் உஸ்பெகிஸ்தானும் கைகோத்திருக்கின்றன. இந்தச் செய்தி எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி தந்தது. மேலே குளிரில் மின்சாரம் எடுத்துவிட்டு, அந்த நீரைக் கீழே டோக்டோகுலில் பிடித்துக் கோடைக்கு வைக்கலாம். ஆனால் தேக்குவதற்கு ஈடு இல்லையென்றால் இரண்டு அணைகளும் சேர்ந்து குளிரிலேயே திறக்கும். தியான் ஷான் மலைப் பனியாறுகள் சுருங்கிவரும் காலத்தில் அதைத் தாங்க முடியாது.

ஆகவே கம்பராத்தா ஒப்பந்தத்திலேயே தேக்கக் கட்டணத்தை எழுதிவிடுங்கள். எத்தனை கன மீட்டர், எந்தத் தேதி வரை, ஈடு பணமா, நிலக்கரியா, மின்சாரமா என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். அணையின் நீர்மட்டத்தை இரு கரை உழவர்களும் நாள்தோறும் பார்க்கும்படி வெளியிடுங்கள். முதல் தவணை குளிர் தொடங்குமுன் பிஷ்கெக் போய்ச் சேரட்டும்.

அன்புடன்,
சிர் தரியாவைத் தொலைவிலிருந்து நேசிக்கும் ஒருவன்