சிறுதொழிலுக்குப் புதுக் கடனைவிட பழைய பில்லுக்குப் பணம்தான் தேவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் சுமார் 30 சதவீதமும் ஏற்றுமதியில் ஏறக்குறைய 45 சதவீதமும் குறு, சிறு, நடுத்தரத் தொழில்களிலிருந்து வருகின்றன. இதைச் சொல்லாத பட்ஜெட் உரை இல்லை. சொல்லி முடித்ததும் அறிவிக்கப்படுவது பெரும்பாலும் ஒரு கடன் திட்டம். 2025 ஏப்ரல் முதல் குறு, சிறு நிறுவனங்களுக்கான கடன் உத்தரவாத வரம்பு 5 கோடியிலிருந்து 10 கோடி ரூபாயாக உயர்ந்திருக்கிறது. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் கோவையில் வார்ப்படப் பட்டறை நடத்துபவரையோ, ஓசூரில் லேத் ஓட்டுபவரையோ, திருப்பூரில் ஜாப் ஒர்க் செய்பவரையோ கேட்டுப் பாருங்கள். "புதுக் கடன் இருக்கட்டும், மூன்று மாதத்துக்கு முன் அனுப்பிய சரக்குக்குப் பணம் எப்போது வரும்?" என்பதுதான் அவர்கள் கேள்வியாக இருக்கும்.

சிறு உற்பத்தியாளர் நிற்கும் இடத்தைக் கவனியுங்கள். அவருக்கு இரும்பும் ரசாயனமும் விற்பவர் பெரிய நிறுவனத்தின் டீலர். முன்பணம் இல்லாமல் லாரி கிளம்பாது. செய்த பொருளை வாங்குபவரும் பெரிய நிறுவனம். 90 நாள், 120 நாள் கழித்துத்தான் பணம் தரும். சனிக்கிழமை கூலியும் மின்கட்டணமும் 15ஆம் தேதிக்குள் கட்டவேண்டிய பி.எஃப்., இ.எஸ்.ஐ.யும் யாருக்காகவும் காத்திருக்காது. இரண்டு பெரியவர்களுக்கு நடுவில் நின்று, ஒருவருக்கு முன்கூட்டிப் பணமும் இன்னொருவருக்கு வட்டியில்லாக் கடனும் கொடுப்பவர் மூவரில் மிகச் சிறியவர்.

இது வங்கிக் கணக்கில் என்ன செய்கிறது என்பதை ஒரு உதாரணத்தால் பார்க்கலாம். சிறுதொழிலின் நடைமுறை மூலதனத்தை, அதாவது அன்றாடம் தொழில் ஓடத் தேவையான பணத்தை, வங்கிகள் பெரும்பாலும் ரிசர்வ் வங்கி அமைத்த நாயக் குழு வகுத்த முறைப்படிதான் கணக்கிடுகின்றன. பணம் சரக்காகி, பொருளாகி, பில்லாகி, மீண்டும் பணமாகத் திரும்ப மூன்று மாதம் ஆகும் என்பது அதன் அடிப்படை. ஆண்டு விற்பனையில் 25 சதவீதம் தேவை. அதில் 20 சதவீதத்தை வங்கி தரும், 5 சதவீதத்தை உரிமையாளர் போட வேண்டும். ஆண்டுக்கு 1 கோடியே 20 லட்சம் ரூபாய் விற்கும் பட்டறைக்கு 24 லட்சம் சி.சி. லிமிட் (வங்கியிலிருந்து தேவைக்கேற்ப எடுத்துக் கட்டும் கடன் வரம்பு), 6 லட்சம் சொந்தப் பணம், ஆக 30 லட்சம். மூலப்பொருள் 15 நாள், உற்பத்தி 15 நாள், வசூல் 60 நாள் என்றால் இது சரியாகப் பொருந்தும். வசூல் 120 நாளுக்குப் போனால் சுற்று ஐந்து மாதமாகிறது. தேவை 50 லட்சமாகிறது. விற்பனை ஒரு ரூபாய்கூட ஏறவில்லை, லாபமும் ஏறவில்லை. ஆனால் 20 லட்சம் துண்டு விழுகிறது. அந்த 20 லட்சம் நகைக்கடனாகவும் தனியார் வட்டியாகவும் வருகிறது.

அதோடும் முடிவதில்லை. கையிருப்பையும் வரவேண்டிய பாக்கியையும் காட்டி மாதாமாதம் வங்கிக்குக் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டில் 90 நாளைத் தாண்டிய பாக்கியை வங்கி பொதுவாகக் கணக்கில் சேர்ப்பதில்லை. வரவேண்டிய 40 லட்சத்தில் 15 லட்சம் 90 நாளைத் தாண்டிவிட்டால், 25 சதவீத மார்ஜின் (உரிமையாளரின் பங்கு) போக, டிராயிங் பவரில், அதாவது அந்த மாதம் எடுக்கக்கூடிய தொகையில், 11 லட்சத்து 25 ஆயிரம் குறையும். பணம் மிகவும் தேவைப்படும் அந்த மாதத்தில்தான் எடுக்கும் உரிமை சுருங்குகிறது. லிமிட்டைத் தாண்டி நிற்கும் கணக்கு 90 நாளில் வாராக்கடன். ஆர்டர் இருக்கிறது, பொருளில் குறையில்லை, வாங்கியவரும் திவாலாகவில்லை. ஆனாலும் பட்டறை வங்கியின் கெட்ட பட்டியலில் ஏறிவிடுகிறது. சிறுதொழில் நலிவு என்று நாம் பேசுவதில் கணிசமான பங்கு இந்த வழியாக வருவதுதான்.

இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், 15ஆம் பிரிவு: எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் தவணை கிடையாது, ஒப்பந்தம் இல்லை என்றால் 15 நாள்தான். பர்ச்சேஸ் ஆர்டரில் 90 நாள் என்று அச்சிட்டுக் கையெழுத்து வாங்கியிருந்தாலும் சட்டம்தான் மேலோங்கும். தாமதித்தால் 16ஆம் பிரிவின்படி ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதந்தோறும் கூட்டுவட்டியாக. 2023-24இல் வங்கி விகிதம் 6.75 சதவீதம், மும்மடங்கு 20.25. பத்து லட்சத்தை ஆறு மாதம் இழுத்தடித்தவர் ஒரு லட்சத்து ஐந்தாயிரத்துக்கு மேல் வட்டி தரவேண்டும். அந்த வட்டியை அவர் தம் வருமான வரிக் கணக்கில் செலவாகவும் காட்ட முடியாது.

இந்தப் பாதுகாப்பு குறு, சிறு நிறுவனங்களுக்கு மட்டும்தான். ஆண்டு விற்பனை 100 கோடியைத் தாண்டிய நடுத்தர நிறுவனத்துக்கு இல்லை. உத்யம் என்பது குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான மத்திய அரசின் பதிவு; 2021இல் அதைப் பெற அனுமதிக்கப்பட்ட வியாபாரிகளுக்கும் இல்லை. அவர்களுக்கு அந்தப் பதிவு முன்னுரிமைக் கடனுக்காக மட்டுமே. இது தெரியாமல் மனுப்போட்டுத் திரும்புபவர்கள் பலர்.

பாக்கிக்காகப் போடும் வழக்கு தோற்கும் இடம் பெரும்பாலும் வாங்குபவரின் கேட்டில்தான் இருக்கிறது. 45 நாள் எந்த நாளிலிருந்து? சட்டப்படி, சரக்கு கைமாறிய நாளிலிருந்து. சரக்கில் குறை இருந்தால் வாங்கியவர் 15 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும்; சொல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே பொருள். கம்பெனிகள் செய்வது வேறு. சரக்கை உள்ளே எடுத்துக்கொண்டு, தர ஆய்வு முடிந்து ஜி.ஆர்.என். (சரக்கு ஏற்புச் சீட்டு) போட்ட நாளிலிருந்துதான் தவணையை எண்ணுகின்றன. ஜி.ஆர்.என். போட ஒரு மாதம் ஆகும். இரண்டு மாதம் கழித்து ஃபோனில் "ரிஜெக்ஷன்" என்பார்கள். பின்னாலேயே பில் தொகையைக் குறைக்கும் டெபிட் நோட் வரும். இதற்கு எதிராகச் சிறுதொழிலரிடம் இருக்கவேண்டிய ஆயுதம் ஒரு துண்டுக் காகிதம்: பில் நகலில் தேதியோடு விழுந்த கேட் சீல். டிரைவர் அவசரத்தில் சீல் வாங்காமல் திரும்புகிறார்; அல்லது சீல் இருக்கிறது, தேதி இல்லை. அங்கேயே பாதி வழக்கு போய்விடுகிறது. சீல் விழுந்த நகலை அன்றே ஸ்கேன் செய்து, இ-வே பில் எண்ணோடு சேர்த்து வைக்க வேண்டும். 16ஆம் நாள், "குறை எதுவும் எழுத்தில் வரவில்லை, இந்தத் தேதிக்குள் பணம் வரவேண்டும்" என்று இரண்டு வரி மின்னஞ்சல் போதும். சண்டை போடும் தொனி வேண்டாம். பதிவாக இருந்தால் சரி.

இன்னொன்று, உத்யம் பதிவு. கட்டணம் கிடையாது; ஆதாரும் பான் எண்ணும், ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமானவருக்கு அந்த எண்ணும் போதும். பாக்கி விழுந்த பிறகு பதிவுசெய்து பழைய பில்லுக்கு வட்டி கேட்டவர்களின் வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றிருக்கின்றன. அந்தச் சட்டக் கேள்வி இன்னும் விவாதத்தில் இருந்தாலும், முதல் ஆர்டருக்கு முன்பே பதிவுசெய்து, அந்த எண்ணையும் குறு அல்லது சிறு என்ற வகையையும் ஒவ்வொரு பில்லிலும் அச்சிடுவதுதான் பாதுகாப்பு.

பணம் வராவிட்டால் மத்திய சிறுதொழில் அமைச்சகத்தின் இணையதளம் வழியாக, இந்தப் பாக்கி வழக்குகளை விசாரிக்கும் மாநில வசதியாக்க மன்றத்துக்குப் போகலாம். விற்பவர் இருக்கும் ஊர் மன்றத்துக்கே அதிகாரம். வாங்கியவர் டெல்லியில் இருந்தாலும் கோவைக்காரர் கோவையிலேயே வழக்கை நடத்தலாம். தீர்ப்பை எதிர்த்துப் போக விரும்பும் நிறுவனம் முதலில் தொகையில் 75 சதவீதத்தை நீதிமன்றத்தில் கட்ட வேண்டும். காகிதத்தில் இது மிக வலுவான சட்டம். நடைமுறையில் இரண்டு இடத்தில் அது சறுக்குகிறது. 90 நாளில் முடிக்க வேண்டிய வழக்கு 90 நாளில் முடிவது அரிது. மன்றத் தலைவர் தொழில் துறையின் மூத்த அதிகாரி, அவருக்கு இது பத்தோடு பதினொன்றான வேலை. இரண்டாவது காரணம் இதைவிடப் பெரியது: வழக்குப் போட்டவருக்கு அடுத்த ஆர்டர் கிடைக்காது. ஒரே ஒரு பெரிய வாடிக்கையாளரை நம்பி ஓடும் பட்டறை எப்படி மனுப்போடும்? வலியவனுக்கு எதிராக எளியவனே புகார் சொல்ல வேண்டும் என்று எழுதப்பட்ட சட்டம், எளியவன் துணிந்தால் மட்டுமே வேலை செய்யும்.

இதை உணர்ந்துதான் 2023ஆம் ஆண்டு நிதிச் சட்டம் வருமான வரிச் சட்டத்தின் 43பி பிரிவில் எச் உட்பிரிவைச் சேர்த்தது. காலத்துக்குள் தராத தொகையை வாங்கியவர் அந்த ஆண்டுச் செலவாகக் கழிக்க முடியாது; என்றைக்குத் தருகிறாரோ அந்த ஆண்டில்தான் கழிக்கலாம். புகார் கொடுக்க ஆள் தேவையில்லை, ஆடிட்டரே கேட்பார். நல்ல யோசனை. ஆனால் ஓட்டை பெரிது. ஏப்ரல் மாத பில்லுக்கு அடுத்த பிப்ரவரியில் கொடுத்தால், பத்து மாதம் கழித்துத்தான் பணம். ஆனால் அதே நிதியாண்டுக்குள் கொடுத்துவிட்டதால் வரியில் எந்தச் சேதமும் இல்லை. விளைவு, மார்ச் மாதத்தில் மட்டும் பணம் வேகமாக வருகிறது. ஏப்ரலில் பழைய கதை. 2024 தொடக்கத்தில் சில நிறுவனங்கள் உத்யம் பதிவையே ரத்து செய்யச் சொல்லி வற்புறுத்துவதாகப் புகார்களும் எழுந்தன.

சரியான பிடி ஜி.எஸ்.டி.யில் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. ஒரு லட்சம் ரூபாய் சரக்குக்கு 18 ஆயிரம் வரி சேர்த்து பில் போடுகிறார் சிறு உற்பத்தியாளர். பணம் வந்ததோ இல்லையோ, அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் வரியைக் கட்ட வேண்டும். காலாண்டு முறையைத் தேர்ந்தவரும் முதல் இரண்டு மாத வரியை 25ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். வாங்கியவரோ அந்த 18 ஆயிரத்தை உள்ளீட்டு வரவாக, அதாவது தாம் கட்டவேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் தொகையாக, உடனே எடுத்துக்கொள்கிறார். விற்றவர் வட்டிக்கு வாங்கிக் கட்டிய வரி, ஒரு பைசா கொடுக்காத வாங்குபவரின் வரிச்சுமையைக் குறைக்கிறது. பணம் தராவிட்டால் அந்த வரவை வட்டியோடு திருப்ப வேண்டும் என்று ஜி.எஸ்.டி. சட்டத்திலேயே விதி உண்டு. அதன் காலக்கெடு 180 நாள்! ஒரு மத்தியச் சட்டம் 45 நாள் என்கிறது, இன்னொரு மத்தியச் சட்டம் 180 நாள் வரை பொறுக்கிறது. விற்பவர் உத்யம் பதிவுள்ள குறு, சிறு உற்பத்தியாளர் என்றால் இந்த 180ஐ 45 ஆக்கினால் போதும். 5 கோடிக்கு மேல் விற்பவர்களின் பில்கள் இ-இன்வாய்ஸாக ஏற்கெனவே அரசின் கணினியில் இருக்கின்றன. சிறியவர்களின் பில்களும் ரிட்டர்ன் வழியாக வந்துவிடுகின்றன. உத்யம் எண்ணை அதோடு இணைப்பது பெரிய வேலையல்ல. மார்ச்சுக்குக் காத்திருக்கவும் வேண்டாம், யாரும் மனுப்போடவும் வேண்டாம். ஒவ்வொரு மாதமும் வாங்குபவரின் வரிக்கணக்கிலேயே உறைக்கும்.

வரி ஏய்ப்புக்கு வழி பிறக்கும் என்று அஞ்சாமல் இன்னொன்றும் செய்யலாம்: சிறியவர்கள் பணம் வந்த பிறகு வரி கட்டட்டும். பழைய சேவை வரியில் 50 லட்சம் வரை தனிநபர்களுக்கும் கூட்டாண்மை நிறுவனங்களுக்கும் இந்த வசதி இருந்தது. பிரிட்டனில் ஆண்டு விற்பனை 13.5 லட்சம் பவுண்டு வரை உள்ள நிறுவனங்கள் மதிப்புக்கூட்டு வரியை இப்படித்தான் கட்டலாம்.

பில்லைத் தள்ளுபடி விலையில் விற்றுப் பணமாக்கும் டிரெட்ஸ் தளங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 250 கோடிக்கு மேல் விற்பனையுள்ள நிறுவனங்கள் அதில் சேர்ந்தாக வேண்டும் என்று 2024 நவம்பரில் அரசு ஆணையிட்டது. சேர்வது வேறு, தளத்தில் ஏறிய பில்லுக்கு 'ஏற்கிறேன்' என்று ஒப்புதல் தருவது வேறு. வாங்கியவர் ஏற்காதவரை எந்த வங்கியும் ஏலம் கேட்காது. ஏற்க வேண்டிய கால வரம்பையும் விதிக்க வேண்டும். தள்ளுபடி வட்டியை விற்பவர் தலையில் கட்டுவதும் நிற்க வேண்டும். 45 நாளில் வரவேண்டிய தம் பணத்துக்கு அவர் ஏன் வட்டி கொடுக்க வேண்டும்?

ஆசிரியருக்கும் ஒரு வேண்டுகோள். நிறுவனங்கள் தங்கள் ஆண்டு இருப்புநிலைக் குறிப்பில், குறு, சிறு நிறுவனங்களுக்குத் தரவேண்டிய பாக்கியைத் தனி வரியாகக் காட்டவேண்டும். 2021-22 முதல் அது எத்தனை ஆண்டுப் பாக்கி என்ற அட்டவணையும் உண்டு. அதே ஆண்டறிக்கையின் குறிப்புகளில் தாமத வட்டி எவ்வளவு என்பதும் இருக்கும். ஒரு நிறுவனத்தின் ஆண்டு லாபத்தையும் டிவிடெண்டையும் உங்கள் வணிகப் பக்கத்தில் வெளியிடும்போது, இந்த ஒரு எண்ணையும் பக்கத்தில் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
சிறுதொழில் கணக்கு, வங்கிக் கடன் ஆலோசனைப் பணியில் உள்ள வாசகர்,
கோயம்புத்தூர்.