பின்பக்க மண்ணை மூட வேண்டாம்: எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர் மற்றும் நிர்வாகக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

லிஃப்டுக்குப் பக்கத்து அறிவிப்புப் பலகையில் சென்ற வாரம் ஒட்டப்பட்ட சுற்றறிக்கையைப் படித்தேன். சித்திரை பிறந்ததும் கட்டடத்தின் பின்பக்க மண் தரை முழுவதையும் சமன்செய்து, பேவர் கல் பதித்து, இருசக்கர வாகனங்களை நிறுத்தும் இடமாக மாற்றப்போவதாகவும், அங்குள்ள செடிகளை அதற்குள் அகற்றிக்கொள்ள வேண்டும் என்றும் அதில் கண்டிருந்தது. அந்தச் செடிகளால் பூச்சிமருந்து வாசனை, கம்பளிப்பூச்சி, மதிலில் ஓதம், கொசு, தண்ணீர் வீண் என்று குறைகளையும் அதில் அடுக்கியிருந்தீர்கள். அந்தச் செடிகளை வளர்ப்பவள், தரைத்தள வீட்டில் பதினான்கு ஆண்டுகளாகக் குடியிருக்கும் நான்தான் என்பது உங்கள் அனைவருக்கும் தெரியும். பொதுக்குழுவில் ஆளுக்கு ஐந்து நிமிடம் என்று கணக்குப் பார்த்துப் பேசும் இடத்தில் இதைச் சொல்லி முடிக்க என்னால் ஆகாது. தவிர, திருவான்மியூரில் நம் ஒரு கட்டடத்தில் மட்டும் இந்தத் தீர்மானம் வரவில்லை; நகரெங்கும் வீட்டைச் சுற்றி விட்ட ஏழெட்டு அடி மண்ணையும் கல்லால் மூடிக்கொண்டு வருகிறார்கள். அதனால்தான் இதை மூடிய உறையில் கொடுக்காமல் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அந்த இடம் என்னுடையது அல்ல. இருபத்து நான்கு அடி நீளமும் ஏழு அடி அகலமுமாக உள்ள அந்த 168 சதுர அடியும் பன்னிரண்டு வீடுகளுக்கும் பிரிவுபடாத பங்கு உள்ள பொது இடம். என் சமையலறைக் கதவு அந்தப் பக்கம் திறக்கிறது என்பதைத் தவிர எனக்கு அதில் தனி உரிமை ஏதும் இல்லை. நான் குடிவந்தபோது அங்கே கட்டட வேலையில் மிஞ்சிய உடைந்த ஓடும், சிமெண்ட் கட்டியும், முள்ளுச் செடிகளும் கிடந்தன. அப்போதைய செயலாளரிடம் வாய்மொழியாக அனுமதி கேட்டேன். "பாம்பு வராமல் இருந்தால் சரி" என்றார். எழுத்தில் வாங்கிக்கொள்ளாதது என் தவறு.

சென்னையில் வசந்தம் என்று சொன்னால் கேட்பவர் சிரிப்பார். பழைய கணக்குப்படி சித்திரையும் வைகாசியும் இளவேனில். ஆனால் மே 4 முதல் 28 வரை நீளும் அக்கினி நட்சத்திரம் அந்த இரண்டு மாதங்களுக்குள்தான் வருகிறது என்பதால், இந்த ஊரில் மண்ணைக் கிளறுபவருக்கு இளவேனில் என்பது மாசியும் பங்குனியும்தான். "ஆடிப்பட்டம் தேடி விதை" என்ற பழமொழியை நம்பி முதல் இரண்டு ஆண்டுகள் ஆடியில் விதைத்தேன். ஐப்பசி மழை வந்து, காய்ப்புக்கு நின்ற கத்தரியை வேரோடு அழுகவைத்துவிட்டுப் போனது. அதன் பிறகு தைப்பட்டத்துக்கு மாறினேன். பொங்கல் முடிந்து மண் ஈரம் சற்றே குறைந்ததும் கொத்தி, மண்புழு உரமும் காய்ந்த இலைச் சருகும் கலந்து, பாத்தி பிடித்துவிடுவேன். நம் ஊர் மண் கடற்கரை மணல். ஊற்றிய தண்ணீரை ஒரு மணி நேரம்கூட வைத்துக்கொள்ளாது. அதைக் கையில் பிடித்தால் பிடிபடும் மண்ணாக மாற்ற எனக்கு ஆறேழு ஆண்டுகள் ஆயின. பேவர் கல்லுக்கு அடியில் போகப்போவது அந்த மண்.

கீரையிலிருந்துதான் ஆண்டு தொடங்கும். சிறுகீரை, முளைக்கீரை விதை கடுகைவிடச் சிறியது. அப்படியே தூவினால் ஓரிடத்தில் கொத்தாக முளைத்து மற்ற இடம் மொட்டையாகக் கிடக்கும் என்பதால் பத்துப் பங்கு மணலோடு கலந்து தூவ வேண்டும். தூவிய அன்று மாலையே எறும்பு வந்துவிடும். பாத்தியின் ஓரத்தில் ஒரு கைப்பிடி அரிசி நொய்யைப் போட்டுவைத்தால் அது அந்தப் பக்கம் போய்விடுகிறது, விதையை விட்டுவிடுகிறது. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ விடியற்காலையில் பார்த்தால், மண்ணின் மேல் யாரோ சிவப்பும் பச்சையுமாக நூலைக் கத்தரித்துப் போட்டதுபோல் இருக்கும். இருபத்தைந்து நாளில் பிடுங்கலாம். அரைக்கீரையை மட்டும் பிடுங்காமல் அறுத்துக்கொண்டே போனால் பங்குனி முழுவதும் துளிர்க்கும். இரண்டாம் தளத்துப் பெரியவருக்கு வாய்ப்புண் வரும்போதெல்லாம் மணத்தக்காளிக் கீரை இந்தப் பாத்தியிலிருந்துதான் போகிறது. அவர் பேத்தி வந்து பறித்துக்கொள்வாள்.

இப்போது வெண்டை பறிப்பில் இருக்கிறது. தை கடைசியில் ஊன்றிய விதை, நாற்பது நாளில் பூத்து, பங்குனி இரண்டாம் வாரத்தில் முதல் காய் கொடுத்தது. வெளிர்மஞ்சள் பூ, நடுவில் கருஞ்சிவப்பு. காலையில் விரிந்து மாலைக்குள் சுருங்கிவிடும். காய் நுனியை விரலால் ஒடித்தால் டக்கென்று ஒடிய வேண்டும், வளைந்தால் முற்றல். ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தாக வேண்டும், நான்கு நாள் ஊருக்குப் போய்வந்தால் அத்தனையும் விதைக்குத்தான் ஆகும். பதினெட்டுச் செடிகளில் மூன்றில் இலை நரம்பு மஞ்சளாகிவிட்டது. அது வெள்ளை ஈ பரப்பும் நச்சுயிரி நோய், மருந்து கிடையாது. அந்த மூன்றையும் பிடுங்கி எறிந்துவிட்டு, மற்றவற்றுக்கு ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெயும் துளி சோப்புக் கரைசலும் கலந்து இலையின் அடிப்புறத்தில் தெளித்தேன். பூச்சிமருந்து வாசனை வருகிறது என்று சுற்றறிக்கையில் குறிப்பிட்டிருப்பது இந்த வேப்பெண்ணெயைத்தான் என்று நினைக்கிறேன்.

சுற்றறிக்கையில் சொன்ன மற்றக் குறைகளுக்கு வருகிறேன். கம்பளிப்பூச்சி பற்றிய புகார் முழுக்க நியாயமானது. கார்த்திகை மழையில் என் முருங்கை மரத்தில் அடை அடையாக ஏறிய பூச்சி முதல் தளத்துப் பால்கனி வரை போய், அங்கிருந்த குழந்தையின் கழுத்தெல்லாம் தடித்துப்போனது; இரண்டு நாள் எனக்குத் தூக்கம் இல்லை. மரத்தை அவ்வளவு உயரம் வளரவிட்டது என் சோம்பேறித்தனம். அது பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியின் பி.கே.எம்.-1 ரகம், காய்ப்பு முடிந்ததும் மூன்றடி உயரத்தில் வெட்டிவிட்டால் நான்கைந்து மாதத்தில் மறுபடி காய்க்கும். இந்தப் பங்குனி முடிவதற்குள் அப்படியே வெட்டிவிடுகிறேன், இனி தலைக்கு மேல் வளரவிட மாட்டேன். மதில் ஓதம் காப்பதற்கும் என் தொட்டிகள் காரணமாக இருக்கலாம். அவற்றைச் சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளிவைத்துவிட்டேன், பூச்சு வேலைக்கு ஆகும் செலவில் என் பங்குக்கு மேலும் தரச் சம்மதம்.

கொசுவைப் பற்றிய வரியை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. டெங்கு பரப்பும் கொசுவும் சரி, நகரத்து மலேரியாவைப் பரப்பும் கொசுவும் சரி, தேங்கிய தெளிந்த நீரில்தான் முட்டையிடுகின்றன. முட்டை கொசுவாகப் பறக்க ஒரு வாரமோ பத்து நாளோ தண்ணீர் அசையாமல் நிற்க வேண்டும். நம் மணலில் தண்ணீர் பத்து நிமிடம் நின்றால் நான் மகிழ்ச்சி அடைவேன். தொட்டிகளுக்கு அடியில் தட்டு வைப்பதை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகின்றன. மொட்டைமாடித் தொட்டிகளில் ஒன்றின் மூடி ஆடி மாதக் காற்றில் பறந்துபோய் இன்றுவரை திரும்பவில்லை என்பதை, குற்றமாக அல்லாமல், தகவலாகச் சொல்லிவைக்கிறேன்.

தண்ணீரை வீணாக்குகிறேன் என்பதற்குக் கணக்கே சொல்லிவிடுகிறேன். காலையில் நான்கு வாளி. அதில் ஒன்று, மேல் வீட்டு ஏ.சி. குழாய்கள் இரவெல்லாம் சொட்டி நிரப்பிய வாளி. இன்னொன்று அரிசியும் காய்கறியும் கழுவிய நீர். மீதி இரண்டுதான் சம்ப்பிலிருந்து வருகின்றன. ஆர்.ஓ. கழிவுநீரையும் ஒரு மாதம் ஊற்றிப் பார்த்தேன். உப்பு ஏறி இலை ஓரமெல்லாம் தீய்ந்துபோனதால் அதை இப்போது தரை துடைக்க மட்டும் வைத்துக்கொள்கிறேன். பாத்திக்குத் தென்னைமட்டையும் சருகும் கொண்டு மூடாக்குப் போட்டிருப்பதால் பங்குனி வெயிலிலும் மாலையில் ஊற்றுவதில்லை. உச்சிவேளைக்குள் கடல்காற்று இறங்கிவிட்டால் செடி தாங்கிக்கொள்கிறது. மேற்கிலிருந்து தரைக்காற்று அடித்து, கடல்காற்று மூன்று மணி வரை வராத நாட்களில் மட்டும் பச்சை வலையைக் கட்டுகிறேன். ஏரிகள் வற்றி, ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்த 2019 கோடையில், முருங்கை ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் நானே காயவிட்டேன். அப்போது யாரும் என்னைக் கேட்கவில்லை.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. கீரையும் வெண்டையும் போனால் கடையில் வாங்கிக்கொள்ளலாம், அதற்காக ஒரு சங்கத்தின் தீர்மானத்தை நிறுத்தச் சொல்வது முறையாகாது. ஆனால் அந்த 168 சதுர அடி, மூன்று மாதம் எனக்குத் தோட்டம், மழைக்கால மூன்று மாதம் இந்தக் கட்டடத்துக்கே வடிகால். சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் என்பது ஒரு லிட்டர். பதினைந்தரை சதுர மீட்டருக்குச் சற்று மேற்பட்ட அந்த மண்ணில் நேராக விழும் நீர் மட்டும் ஏறக்குறைய 21,800 லிட்டர் ஆகிறது. அத்தனையும் கீழே இறங்கிவிடாது, வெயில் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும் என்றாலும், கோடையில் நாம் பணம் கொடுத்து வாங்கும் 12,000 லிட்டர் லாரியை நினைத்துப் பாருங்கள். மொட்டைமாடி மழைநீர்க் குழாய் இறங்கும் குழியும் அங்கேதான் இருக்கிறது. 2003-ல் தமிழகம் முழுவதும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானதற்கு ஏற்பக் கட்டிய குழி அது, தூர் எடுத்துப் பல ஆண்டுகள் ஆனதால் நிரம்பி வழிகிறது, வழிவதை அந்த மண்தான் வாங்கிக்கொள்கிறது. 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும், சிமெண்ட் போட்ட முன்வாசலில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றபோது பின்பக்கம் செருப்போடு நடக்க முடிந்ததை மோட்டார் அறையைப் பார்க்க வந்த நீங்களே கண்டீர்கள்.

திருவான்மியூருக்கு இதில் இன்னொரு கவலையும் உண்டு. இங்கிருந்து கோவளம் வரை நீளும் கடலோர மணலடுக்கில்தான் நம் நல்ல தண்ணீர் நிற்கிறது. மேலிருந்து மழைநீர் இறங்காமல் கீழிருந்து மட்டும் உறிஞ்சிக்கொண்டிருந்தால், கிழக்கே இருக்கும் கடல் அந்த இடத்துக்கு வந்துவிடும். 2019-ல் நம் போர்த் தண்ணீரில் பருப்பு வேகாமல் போனதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள்.

பேவர் கல்லின் இடுக்கில் தண்ணீர் இறங்கும் என்று ஒப்பந்தக்காரர் சொல்லியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அடியில் கான்கிரீட் போடாமல் ஜல்லியும் மணலும் மட்டும் பரப்பினால் கொஞ்சம் இறங்கும். ஆனால் சுற்றறிக்கையோடு இணைத்த மதிப்பீட்டில் "அடித்தளக் கான்கிரீட் நான்கு அங்குலம்" என்று தெளிவாக இருக்கிறது.

வண்டி நிறுத்த இடம் போதவில்லை என்பது உண்மை. ஆறு வண்டிகள் தெருவில் நிற்கின்றன, அவற்றில் ஒன்று என் மகனுடையது. ஆனால் முன்பக்கம் மீட்டர் பெட்டிக்கு அருகில் சக்கரத்தில் காற்றில்லாமல் இரண்டு ஸ்கூட்டர்களும், யாருடையது என்று யாரும் சொல்லாத ஒரு இரும்புக் கட்டிலும், காலி பெயிண்ட் டப்பாக்களும் ஆண்டுக்கணக்கில் நிற்கின்றன. ஒரு மாத அவகாசம் கொடுத்து அவற்றை அப்புறப்படுத்தினால் நான்கு வண்டிகளுக்கு இடம் கிடைக்கும் என்று நாடா பிடித்து அளந்து பார்த்திருக்கிறேன். மீதி இரண்டுக்குப் பின்பக்கத்தின் வடகோடியில் எட்டு அடியை நான் விட்டுக்கொடுக்கிறேன். அங்கே கான்கிரீட் இல்லாமல், ஓட்டைக் கல் பதித்து இடையில் புல் விட்டால் வண்டியும் நிற்கும், தண்ணீரும் இறங்கும். இந்த மாற்று யோசனையைப் பொதுக்குழுவில் வைத்து, அதுவரை வேலையைத் தொடங்காமல் இருக்கும்படிக் கேட்டுக்கொள்கிறேன். தோட்டம் யாருக்கு என்ற கேள்வி எழுந்தால், பாத்தியை வீட்டுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொள்ளவும் எனக்குத் தடையில்லை. மண் மண்ணாக இருந்தால் போதும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு வெண்டை பறிப்பேன். நிர்வாகக் குழுவினர் அனைவரும் அந்த நேரத்தில் ஒருமுறை பின்பக்கம் வந்து பார்க்க வேண்டும். வரும்போது மழைநீர்க் குழியின் மூடியைத் தூக்கும் கடப்பாரையை வாட்ச்மேன் அறையிலிருந்து யாராவது எடுத்துவந்தால், உள்ளே எவ்வளவு சேறு இருக்கிறது என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

இப்படிக்கு,
தரைத்தள வீட்டு உறுப்பினர்,
திருவான்மியூர், சென்னை.